துணையாள் உடன் இருக்கிறார்

அரசாங்கத்தின் கணக்கில் சுருளி ஒரு முழு ஆள் கிடையாது. பாதி ஆள். மீதிப் பாதி அவனுடைய அக்கா கனகலட்சுமி. இரண்டு பாதியும் ஒன்றாக வந்து ஜன்னல் முன்னால் நின்றால்தான் மாத்திரை கிடைக்கும். பதினோரு வருஷமாக அப்படித்தான் வந்து நின்றார்கள். ஆவணி மாதம் ஒரு பாதி செத்துப்போனது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கக் கூடாது. சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதில் கொடுக்கப் போனால் அதற்கும் ஒரு துணையாளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கம், துணி துவைக்கும் கட்டடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே, ‘மனநலத் தொடர்மருந்து வழங்கல் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்கும். அதற்குக் கீழே அதைவிடப் பெரிய பலகை: ‘துணையாள் இன்றி மருந்து இல்லை.’

இந்த விதி பிறந்த கதை சுருக்கமானது. முன்னொரு காலத்தில் ஒரு நோயாளி மாத்திரைப் பொட்டலத்தை பஸ் சீட்டில் மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். கண்டக்டர் நல்ல மனுஷன், மறுநாளே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சும்மா விடலாமா? மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. ஒன்பது மாதம் கழித்து அது எழுந்தபோது பதினான்கு பக்க விதி பிறந்திருந்தது. நோயாளியோடு பதிவு பெற்ற துணையாள் ஒருவர் வர வேண்டும். அவர் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்க வேண்டும். பதிவேட்டில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாத்திரையை விழுங்குகிறவன் பக்கத்தில் சும்மா நின்றால் போதும்.

கனகலட்சுமி அந்த மஞ்சள் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டிருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை குட்டி கிடையாது. தம்பிதான் அவளுக்கு எல்லாம்.

சுருளிக்கு அப்போது முப்பத்தொரு வயது. வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த அவர்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் வந்து குடியேறினார்கள். அவன் கண்ணுக்கு அவர்கள் ஒருநாளும் தெரிந்ததில்லை, பேச்சுதான் கேட்கும். ‘இந்தா சட்டை போடுறான்’ என்பான் ஒருவன். ‘போடட்டும், எங்க போயிருவான்’ என்பான் மற்றவன். ஒருநாள் உச்சிவெயிலில் அவர்களிடமிருந்து தப்பிக்கச் சுருளி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நாலுவழிச் சாலையில் திண்டுக்கல்லைப் பார்த்து நடந்தான். லாரிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. பங்காளிகள் பிடித்து வந்து வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். பன்னிரண்டு நாள். கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. வெளியூரில் வேலைக்குப் போயிருந்த கனகலட்சுமி ஓடி வந்து அரிவாளால் கயிற்றை அறுத்து, அவனை பஸ்ஸில் ஏற்றி, மடியில் படுக்கவைத்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு மாத்திரை. விழுங்கியதும் அவள் சொல்வாள், “நாக்கக் காட்டு.” அவன் காட்டுவான். மேலே தூக்கச் சொல்வாள், தூக்குவான். “சரி, போய்ப் படு” என்பாள். சுவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போனார்கள். சுருளி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. அவன் போட்ட எடையை ஒருவரும் மறுபடி போட்டுப் பார்த்ததில்லை.

மாத்திரை நின்றால் அந்த இரண்டு பேர். இரண்டு பேர் வந்தால் நாலுவழிச் சாலை. சாலைக்குப் பிறகு கயிறு. இந்த வரிசை சுருளிக்கு மனப்பாடம். இந்தத் தடவை கயிற்றை அறுக்க அக்கா இல்லை.

வாடிப்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் செவ்வாய்க்கிழமை முறை. டப்பாவில் ஐந்து மாத்திரை மிச்சமிருந்தபோது அவன் தனியாகப் போனான். டாக்டர் அஸ்வினி சின்ன வயசு; ஒரு காலைப்பொழுதுக்குள் நூற்றைம்பது பேரைப் பார்த்தாக வேண்டியவர். “தூக்கம் வருதா? குரல் கேக்குதா?” என்ற இரண்டு கேள்விக்கு மேல் அவருக்கு நேரம் கிடையாது. தூக்கம் வருகிறது, குரல் இல்லை என்றான். நல்லது என்று பழைய மாத்திரையையே நோட்டில் எழுதினார். எழுதுவது டாக்டர் வேலை, கொடுப்பது ஜன்னல் வேலை. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம். பிரிவின் பெருமையெல்லாம் அந்தப் பன்னிரண்டு அடிக்குள்தான் இருந்தது.

ஜன்னலில் இருந்தவர் உக்கிரபாண்டி. பேரைக் கேட்டு மீசையும் அதட்டலுமாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு. இல்லை என்று சொல்லும்போதுகூட அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரியும்.

“துணையாள் எங்கப்பா?”

“அக்கா செத்துப்போச்சு சார். ஆவணியில. நெஞ்சுவலி.”

“அடடா” என்றார் உக்கிரபாண்டி. உச்சுக்கொட்டினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் மௌனமாகவும் இருந்தார். பிறகு, “அவுகளை அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வந்துருங்க” என்றார்.

சுருளி திரும்பவும் சொன்னான். அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருந்தது. துணையாளை மாற்ற வேண்டுமானால் பழைய துணையாள் நேரில் வந்து விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, தான் எழுதிய விதி இல்லை என்றார். வேண்டுமானால் புதுத் துணையாளையும் அக்கா செத்ததற்கான சான்றையும் கொண்டுவந்து கண்காணிப்பாளரைப் பாருங்கள் என்று வழியும் சொன்னார். நல்ல மனுஷன்.

பூக்கடையில் மூட்டை தூக்கும் அருண்பாண்டி இதைக் கேட்டுவிட்டு, “நான் வாரேண்ணே, இதுக்குப் போயி” என்றான். சுருளியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஒன்றுக்கும் அசராதவன். அடுத்த செவ்வாய் லீவு போட்டுவிட்டுத் தன் பைக்கில் சுருளியை ஏற்றிக்கொண்டு போனான். சட்டைப்பையில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. டப்பா காலியாகி அன்றைக்கு மூன்றாம் நாள்.

கண்காணிப்பாளர் அழகுராஜா அந்தப் பதினான்கு பக்கத்தை எழுதிய குழுவில் ஒருவர். முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் படித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது அவங்க இறந்ததுக்குச் சான்று. பொறுப்புல இருந்து விலகினதுக்குச் சான்று எங்க?”

செத்துப்போனால் விலகினதுதானே என்று அருண்பாண்டி கேட்டான்.

“அப்படிச் சொல்ல முடியாது தம்பி. இறப்புங்கிறது அவங்க சொந்த விஷயம், அதுல நாங்க தலையிட மாட்டோம். விலகுறது நிர்வாக விஷயம். அதுல அவங்க தலையிடக் கூடாது.” பிறகு சுருளியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “போறதுக்கு முன்னாடி ஒரு கடிதம் எழுதி வச்சிருந்தா ஒரு நிமிஷ வேலை இது.”

“திடீர்னு போயிருச்சு சார்.”

“அதான் பாருங்க. திட்டமிடலே கிடையாது நம்ம ஜனங்ககிட்ட.”

அருண்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு ஒரு ஆள் முன்னால் நிற்கிறேனே, என்னைத் துணையாளாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டான். அழகுராஜா அவன் ரத்த உறவா, குடும்ப அட்டையில் பேர் இருக்கிறதா என்று விசாரித்தார். கூட வேலை பார்க்கிறவன் என்றதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நீங்க இருக்கீங்க, ஆனா பதிவேட்டுல இல்ல. அவங்க இல்ல, ஆனா பதிவேட்டுல இருக்காங்க. நான் எதை வச்சு வேலை பாக்குறது, சொல்லுங்க?”

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அருண்பாண்டி படித்திருக்கவில்லை. சான்றிதழைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கே.கே. நகரில் ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினான். சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தர முடியாது என்றார்கள். பிரிவின் டாக்டர் வெளிக்கடைக்குத் தனிச்சீட்டு எழுதக் கூடாது; சீட்டு பிரிவின் நோட்டில் இருக்கிறது. நோட்டு பிரிவின் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி விதியின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே ஒரு தனியார் டாக்டரிடம் முறை கேட்டான். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, மார்க்கெட்டில் மல்லிகை வரத்து அதிகம். சுருளி தட்டில் பூவைக் கொட்டி எண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இடது காதுக்குப் பக்கத்தில், தெளிவாக, அக்கா சொன்னாள்:

“சுருளி, தட்டுக்கு அடியில இலை கிடக்கு பாரு.”

குனிந்து பார்த்தான். இலை கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி எடை பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக அந்தக் குரலைக் கேட்க அவன் எம்புட்டு ஏங்கியிருந்தான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. இது நோய் என்பதும் அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷம் மாத்திரை சாப்பிட்டவன், முட்டாள் இல்லை. அது தெரிந்தும் அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இடது காதை ஒருக்களித்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரை வாங்கலையாடா?”

தரமாட்டேன் என்கிறார்கள் என்றான். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்றான்.

“வந்தாப் போச்சு” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் சுவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சுருளி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பெட்டி படுக்கையை இறக்கி வைக்கிற சத்தம். ‘அதே வீடுதான்’ என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். சுருளி இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

“அவனுகதானா?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். “நாளைக்குச் செவ்வாய்தான. விடிஞ்சதும் கிளம்புவோம். அருண்பாண்டிய வரச் சொல்லு” என்றாள்.

மூன்றாவது செவ்வாய். தூக்கம் எப்படி என்று அஸ்வினி கேட்டார். இல்லை என்றான். குரல் கேட்கிறதா என்றார்.

“அக்கா பேசுது டாக்டர்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

“என்ன சொல்றாங்க?”

“மாத்திரை வாங்குன்னு சொல்லுது.”

அவர் வேகமாக நோட்டைத் திருப்பி, சிவப்பு மையில் ‘அவசரம்’ என்று எழுதினார். வெளியே நூறு பேர் காத்திருக்க, எழுந்து அந்தப் பன்னிரண்டு அடியையும் தானே நடந்து ஜன்னலுக்குப் போனார். உக்கிரபாண்டி எழுந்து நின்று வணக்கம் சொல்லி, சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் இன்னும் வருத்தமானார். சாதாரண நோயாளிக்கு ஒரு துணையாள் போதும்; அவசரம் என்றால் இரண்டு பேர் வேண்டும், ஆள் கட்டுப்படாவிட்டால் பிடிக்க. வார்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அஸ்வினி. அதற்கும் துணையாள் கையெழுத்து வேண்டும் என்றார் இவர். போதாததற்கு அன்று பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்துகிறார்கள். துணையாள் தின விழா. டாக்டர் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார். உங்கள் உணர்வை மதிக்கிறேன், எழுத்துமூலம் கொடுங்கள், விழா முடிந்து ஆவன செய்வோம் என்று அவர் மாலைகளை எண்ணிக்கொண்டே சொன்னார். அஸ்வினி திரும்பி வந்து நோட்டில் இருந்த ‘அவசர’த்தைத் தானே அடித்தார். இரண்டு துணையாளை ஒன்றாக்க அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பிணவறையை ஒட்டிய காலி இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசைகளில் துணையாட்கள், பின்னால் நோயாளிகள். வெயில் பின்னால்தான் அடித்தது. சுருளி தனக்குப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு வைத்தான். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து நாற்காலியை எடுக்கப் பார்த்தபோது, “ஆள் இருக்கு” என்றான். அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற அருண்பாண்டி அதைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பந்தல் துணிக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் வந்துவிட்டிருந்தார்கள். ‘உக்காந்துட்டான்’ என்றான் ஒருவன்.

“அங்க பாக்காத. மேடையப் பாரு” என்றாள் அக்கா.

மேடையில் அழகுராஜா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“பெரியோர்களே, துணையாட்களே! நோயாளி இன்று வருவார், நாளை போவார். துணையாள்தான் நிலையானவர். எனவேதான் இந்தப் பிரிவைத் துணையாட்களுக்காகவே நடத்துகிறோம். கடந்த ஓராண்டில் நாங்கள் யாருக்கும் கொடுத்துவிடாமல் பாதுகாத்த மாத்திரைகள் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சு எங்கள் பிரிவில் எழுந்ததே இல்லை. வேறு ஊர்களில் மருந்து வந்த வேகத்தில் தீர்ந்துபோகிறது. அங்கே நிர்வாகம் இல்லை என்றுதானே அர்த்தம்? சென்ற ஆண்டு நாற்பத்திரண்டு பேர் எங்கள் மீது புகார் கொடுத்தார்கள். இப்போது அவர்களில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. குணமாகிவிட்டார்கள் என்று எங்கள் அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறோம்.”

முன்வரிசை கைதட்டியது. துணையாட்களுக்குக் கைதட்டும் பயிற்சி நான்காம் பக்கத்தில் உண்டு.

“இந்த ஆண்டின் சிறந்த துணையாளைப் பதிவேட்டின்படி தேர்ந்தெடுத்திருக்கிறோம். பதினோரு ஆண்டுகளில் ஒரு தடவைகூட வராமல் இருந்ததாகக் குறிப்பு இல்லாத துணையாள்…”

குறிப்பு எப்படி இருக்கும்? வராதவர்களைக் குறிப்பதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

“…வாடிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த கனகலட்சுமி!”

சுருளிக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டது. மேடையின் ஓரத்தில் நின்ற உக்கிரபாண்டிக்கு முகம் வெளுத்தது. அவர் கண்காணிப்பாளரின் காதருகே குனிந்தார். இறப்புச் சான்றிதழைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். அழகுராஜா ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தியது சரியில்லை, பந்தல் முழுக்கக் கேட்டது. “சான்றிதழ் பேர் போட்டு அடிச்சாச்சு உக்கிரபாண்டி. போட்டோக்காரர் பன்னெண்டு மணிக்குப் போயிருவாரு. இப்ப எப்படி மாத்துறது?” கையை எடுத்துவிட்டு உரக்கக் கேட்டார். “கனகலட்சுமி அம்மா வந்திருக்காங்களா?”

யாரும் அசையவில்லை.

“எந்திரிடா, கூப்பிடுறாக” என்றாள் அக்கா.

சுருளி எழுந்தான். “வந்திருக்கு சார்.”

பந்தல் திரும்பிப் பார்த்தது. சுருளி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவள் முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டு, பிறகு பின்னாலேயே நடந்தான். மேடைப் படியில் “பாத்து” என்றான். அழகுராஜாவின் கண்ணில் ஒரு கணம் என்னமோ ஓடி மறைந்தது. அவர் முப்பது வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். இல்லாத கட்டடங்களைத் திறந்து வைத்திருக்கிறார், வராத தண்ணீருக்குக் குழாய் திருகியிருக்கிறார். பொன்னாடையைப் பிரித்து, சுருளிக்கு இடது பக்கத்தில் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் கையிலேயே கொடுத்தார். “அக்காகிட்ட குடுத்துருங்க” என்றார். போட்டோக்காரர் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். சுருளி நெருங்கவில்லை. நடுவில் ஆள் நிற்கிற இடம் விட்டுத்தான் நின்றான்.

விழா முடிந்து ஜன்னல் திறந்தது. சுருளி பாராட்டுச் சான்றிதழை உள்ளே நீட்டினான். உக்கிரபாண்டி அதைக் கோப்பில் இருந்த இறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுருளியைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண் இரண்டும் சுவர்ப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தன.

“அது ஆவணித் தேதி. இது இன்னைக்குத் தேதி, கண்காணிப்பாளர் கையெழுத்தோட” என்றார் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “பிந்தின தேதிதான் செல்லும்.”

சொல்லிவிட்டு, சுருளிக்கு இடது பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

“வாங்கம்மா. கையெழுத்துப் போடுங்க.”

பேனாவைச் சுருளி வாங்கினான். “மொத எழுத்தப் பெருசாப் போடு. கடைசி எழுத்துக்கு வால நீட்டாத, நான் நீட்ட மாட்டேன்” என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோரு வருஷக் கையெழுத்துகளுக்குக் கீழே அதுவும் ஒன்றாக உட்கார்ந்தது. உக்கிரபாண்டி உற்றுப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. ரப்பர் முத்திரையை எடுத்து அழுத்தினார்: துணையாள் உடன் இருக்கிறார். இருபத்தெட்டு மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு நீட்டினார்.

“அடுத்த மாசமும் அவுகளையே கூட்டிட்டு வாங்க” என்றார். “வேற ஆள் வந்தா எனக்குச் சிக்கல். அவுக வராம ஒரு செவ்வாய் தவறுனா உங்க பேரு நீங்கிரும்.”

அருண்பாண்டி உறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். “குடுத்துட்டாகளா! எப்படிண்ணே?”

“அக்கா வந்துச்சுல்ல.”

அருண்பாண்டி சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான். சுருளி ஏறி, சீட்டின் கடைசி விளிம்பில் உட்கார்ந்தான். அவனுக்கும் அருண்பாண்டி முதுகுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் அருண்பாண்டி வண்டியை மெதுவாகவே ஓட்டினான். கண்ணாடியில் தன் கண் கலங்கியிருப்பதை அவன் துடைக்கவில்லை. ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடும்.

வாடிப்பட்டி ரோட்டில் அக்கா பேசினாள். “வீட்டுக்குப் போனதும் மொத வேலையா ஒண்ணு போட்டுரு. அவனுக பின்னாடியே வாரானுக.”

“போட்டா நீயும் போயிருவியே” என்றான் சுருளி.

“போனா என்ன? போகத்தான வேணும்.”

“அப்ப அடுத்த மாசம்?”

அவள் யோசித்தாள். கடைசியில் வாடிப்பட்டியைத் தாண்டும்போது சொன்னாள், பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்வாளே, அந்தக் குரலில்.

“ஆறு நாள் முன்னாடியே மாத்திரைய நிறுத்திரு. ஆறாம் நாள் நான் வந்துர்றேன். அந்த ரெண்டு பேரு வர ஒம்பது நாளாகுது. ஊடால மூணு நாளு. அதுக்குள்ள வாங்கிருவோம்.”

வீட்டில் விளக்கைப் போட்டு, பொன்னாடையை அவள் படத்துக்குப் போர்த்தினான். உறையைப் பிரித்து இருபத்திரண்டு மாத்திரையைப் பழைய டப்பாவிலும் ஆறைத் தனியாக ஒரு காகிதத்திலும் மடித்து வைத்தான். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினான்.

“நாக்கக் காட்டு.”

காட்டினான். மேலே தூக்கியும் காட்டினான்.

“சரி, போய்ப் படு.”

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் குரல் தூரத்தில் இருந்து வந்தது. சுவருக்குப் பின்னால் பெட்டியைக் கட்டுகிற சத்தம் கேட்டது, அவர்களும் போனார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாத்திரையை விழுங்கிவிட்டு, படத்தைப் பார்த்து நாக்கைக் காட்டினான். மேலே தூக்கிக் காட்டினான். நாக்கு உலரும்வரை அப்படியே நின்றான். வீடு அமைதியாக இருந்தது. நல்ல மருந்து, டாக்டர் சொன்னதுபோலவே வேலை செய்திருந்தது. வாயை மூடிக்கொண்டு காலண்டரை எடுத்தான். மாத்திரையை நிறுத்த வேண்டிய தேதியில் ஒரு வட்டம் போட்டான். அதற்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.